கவனமின்மையும் உடனுறை நோய்களும்: ஒரு வரலாற்று நோக்கு

பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையில் வகுப்பாசிரியரின் குறிப்புக்கென ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியில் நாம் தவணைதோறும் எழுதிவருவனவற்றைத் தொகுத்துப் பார்ப்பின் அவை ஐந்தாறு சொற்றொடர்களுக்கு மேற்படா. ‘கவனம் போதாது’ என்பது அவற்றுள் தலையாயது. எழுதுவதற்கு எளிது; எவரும் மறுத்துக் கேட்பதில்லை; பிள்ளையின் தோல்விக்குப் பிள்ளையையே பொறுப்பாக்கிவிடும் வசதியும் அதற்குண்டு.

அனலைதீவில் நாம் கற்பிக்கும் வகுப்பொன்றில் ஒரு பையனுக்குத் தொடர்ந்து மூன்று தவணைகள் அவ்வரியையே எழுதினோம். கடற்றொழிலாளியின் மகன். பாடம் தொடங்கிச் சில நிமிடங்களில் அவன் கண்கள் எங்கோ போய்விடும். எழுதத் தொடங்கிய வாக்கியம் பாதியில் நிற்கும். பேனாவைத் தொலைப்பான், கொப்பியை மறப்பான், பக்கத்துப் பையனைச் சீண்டுவான், நடுப்பகலில் மேசையிற் சாய்ந்து உறங்கிவிடுவான். மூன்றாந் தவணை அறிக்கையைப் பெற்றுக்கொள்ள அவனுடைய தாயார் வந்திருந்தார். வழக்கமான அறிவுரைகளை நாம் சொல்லி முடித்த பின்னர், போகும் தறுவாயில் அவர் தயங்கியபடி சொன்னார்: “சேர், இவன் இரவிலை ஒழுங்கா நித்திரை கொள்ளுறதே இல்லை. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவான். இடையிலை மூச்சு நிண்டு போற மாதிரிக் கிடக்கும். நான்தான் எழும்பி உலுப்பி விடுறனான்.”

“இதை ஏனம்மா முந்திச் சொல்லேல்லை?” என்று கேட்டோம்.

“நீங்கள் படிப்பைப் பற்றித்தானே சேர் கேட்டனீங்கள்.”

அவ்விடை எம்மை நெடுநாள் விட்டகலவில்லை. பிள்ளையின் கவனமின்மை ஓர் ஆசிரியனுக்குக் கல்விப் பிரச்சினை. தாய்க்கு அது இரவு முழுவதும் விழித்திருக்கும் பிரச்சினை. இவ்விரண்டும் ஒரே உடம்பில் நிகழ்வன என்ற எண்ணம் எமக்குத் தோன்றவில்லை. எமக்கு மட்டுமன்று, மனித சமுதாயத்துக்கே அவ்வெண்ணம் மிகத் தாமதமாகத்தான் தோன்றியிருக்கிறது. அந்தத் தாமதத்தின் வரலாற்றைத்தான் இக்கட்டுரையிற் சிறிது ஆராய முற்படுகின்றோம்.

தமிழ் படித்தவர்களாகிய நாம் எமது இலக்கணத்திலிருந்தே தொடங்குவது முறை. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை வகைப்படுத்துகிறது. அன்னமும் பசுவும் போன்றவர் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடை. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர் கடை. ஆடு ஒரு செடியில் நிலைத்து மேயாது, செடிக்குச் செடி வாய் வைத்துத் திரியும். ஓட்டைக் குடத்தில் ஊற்றியது தங்காது. நிலையாத கவனத்தையும் தங்காத நினைவையும் இதனினுஞ் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது. கூர்மையான அவதானிப்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் அதே பாயிரம் கல்வி கற்பிக்கத் தகாதவர் யாரெனவும் ஒரு பட்டியல் தருகிறது. கள்வனும் காமியும் பாவியும் இடம்பெறும் அப்பட்டியலிலே நோயாளியும், உறங்குபவனும், மந்தனும், மனந் தடுமாறுபவனும் உடன் நிறுத்தப்படுகின்றனர். இவர்களுக்கு நூல் சொல்லலாகாது என்பது விதி.

மாணாக்கப் பருவத்தில் இதனை மனனஞ் செய்து ஒப்புவித்தபோது எமக்கு எதுவும் உறுத்தவில்லை. இன்று வாசிக்கும்போது வேறொன்று தெரிகிறது. நோயாளி, உறங்குபவன், மந்தன், மனந் தடுமாறுபவன் என நான்கு பேராக எண்ணப்பட்டோர் பல வேளைகளில் ஒரே பிள்ளை. நோயினால் உறக்கங் கெட்டு, உறக்கங் கெட்டதனால் மனந் தடுமாறி, மனந் தடுமாறியதனால் மந்தனெனப் பெயரெடுத்த ஒரே பிள்ளை. பவணந்தியாரைக் குற்றஞ் சொல்வது எமது நோக்கமன்று. கற்கும் உரிமை சிலருக்கே உரியதாயிருந்த சமுதாயத்திலே, எவரை விலக்கலாம் என்ற வினாவே முதலில் எழும். எவரைக் குணப்படுத்தலாம் என்ற வினா எழுவதற்கு எல்லோரும் பள்ளிக்கு வரும் காலம் பிறக்கவேண்டியிருந்தது.

மேலைநாட்டு வைத்தியத்தில் அவ்வினாவை எழுப்பியோருள் முந்தியவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கிரைற்றன் என்னும் வைத்தியர். 1798ஆம் ஆண்டில் மனநோய் பற்றி அவர் வெளியிட்ட நூலிற் கவனத்துக்கென ஓர் இயலை ஒதுக்கினார். கவனத்தை ஒன்றிலே நிறுத்த இயலாமை பிறவியிலேயே அமையலாம். உடம்பிலே தோன்றும் நோய்களின் விளைவாகவும் வரலாம் என்பது அவர் கண்ட வேறுபாடு. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வைத்தியர்கள் இன்னும் அந்த வேறுபாட்டைத்தான் பிரித்தறிய முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஆனால் கிரைற்றன் சொன்னது அவர் காலத்துப் பள்ளிக்கூடங்களை எட்டவில்லை. ஒரு நூற்றாண்டு கழிந்து 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற பிள்ளை வைத்தியர் மூன்று விரிவுரைகள் நிகழ்த்தினார். தாம் கண்ட 43 பிள்ளைகளைப் பற்றிப் பேசிய அவர், அறிவிற் குறையில்லாத பிள்ளைகளிடத்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத நிலை இருக்கக் காண்கிறோம் என்றார். மூளைக்காய்ச்சல், தலைக்காயம், வலிப்பு முதலியவற்றின் பின் இந்நிலை வருவதையும் எடுத்துக்காட்டினார். ஆயினும் அவர் அதற்கிட்ட பெயர் ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு’ என்னும் பொருள்படுவது. வைத்தியர் அச்சொல்லை எக்கருத்தில் வழங்கினாரோ தெரியாது. ‘ஒழுக்கம்’ என்று ஒரு சொல் கிடைத்துவிட்டால் ஆசிரியனுடைய கை பிரம்பைத் தேடும் என்பது மட்டும் எமக்குத் தெரியும்.

இந்த வரலாற்றில் வியப்பைத் தரும் நிகழ்ச்சி 1937இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலே நடந்தது. சார்ள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர் நடத்திய பிள்ளைகள் இல்லத்தில் மூளையைப் படம்பிடிக்கும் அக்காலத்துக் கொடிய சோதனையொன்றினாற் பிள்ளைகளுக்குத் தாங்கொணாத் தலையிடி உண்டாயிற்று. அதனைத் தணிக்கக்கூடுமென்றெண்ணிப் பென்சிட்ரின் என்னும் மருந்தைக் கொடுத்தார். தலையிடி பெரிதாகத் தணியவில்லை. ஆனால் வகுப்பிலே என்றுமில்லாதவாறு பிள்ளைகள் அமைதியாயிருந்து கணக்குச் செய்தார்கள். மருந்து பெற்ற 30 பிள்ளைகளுள் 14 பேரிடம் இம்மாற்றம் வியக்கத்தக்கதாயிருந்தது. பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை எனப் பெயரிட்டுவிட்டனர். இன்று வழங்கும் ஊக்க மருந்துகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1944இல் ஆக்கப்பட்ட மெதைல்பெனிடேற் என்னும் மருந்து 1950களின் நடுப்பகுதியிற் சந்தைக்கு வந்தது. இம்மருந்துகள் பலன் தருவன. அதனை மறுப்பது அறியாமை. எனினும் பலன் தரும் மாத்திரையொன்று கைக்கு வந்துவிட்டதனால் ஒரு தீங்கும் நேர்ந்தது. கவனமின்மையோடு கூட வேறென்ன இருக்கிறது என்று தேடும் முயற்சி நெடுங்காலம் பின்தங்கிவிட்டது.

அந்தத் தேடல் உண்மையில் வேறொரு துறையில் முன்னரே தொடங்கியிருந்தது. மனநோய் வைத்தியர்களின் அறைகளில் அன்று. வெறுங்காலோடு நடந்த உழைப்பாளிகளின் குடலில்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே வாழ்ந்த ஏழைக் குடியானவர் பிறவிச் சோம்பேறிகள் என்பது அந்நாட்டார் நெடுங்காலம் நம்பியிருந்த கருத்து. சார்ள்ஸ் ஸ்ரைல்ஸ் என்ற விலங்கியலறிஞர் 1902ஆம் ஆண்டளவில் அச்சோம்பலுக்குக் காரணம் கொளுக்கிப்புழு எனக் காட்டினார். மலங் கலந்த மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, சிறுகுடலிற் கொளுவிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. பத்திரிகைகள் நகைத்தன, ‘சோம்பற் கிருமி’ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதென எழுதின. 1909இல் றொக்பெல்லரின் பொருளுதவியோடு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, ஆராயப்பட்ட பகுதிகளிற் பள்ளி வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 40 பேரளவில் அப்புழுவைச் சுமந்திருந்தமை தெரியவந்தது. ஹோயற் பிளீக்லி என்ற பொருளியலறிஞர் பிற்காலத்தில் அக்காலப் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் முடிபுகளை வெளியிட்டார். புழு மிகுந்திருந்த மாவட்டங்களிலேதான், இயக்கத்தின் பின்னர், பள்ளியிற் சேர்தலும் ஒழுங்காக வருதலும் எழுத்தறிவும் மற்றைய இடங்களிலும் விரைவாக உயர்ந்தன. சோம்பலென்று பெயர் பெற்றது இரத்தமின்மை.

அவ்வியக்கம் 1916இல் இலங்கைக்கும் வந்தது. அது வந்த இடம் மலையகத் தோட்டங்கள். மன்னார்க் கரையிலிறங்கிக் காடுகளினூடே நடந்து வந்து காட்டை அழித்துத் தேயிலையை வளர்த்த தமிழகத்து மக்களின் உடம்பிலே அப்புழு நிறைந்திருந்தது. மருந்தெண்ணெய் கொடுத்தார்கள், புழு இறந்தது. சில மாதங்களில் மீண்டும் வந்தது. ஏனெனில் லயன் அறைகளுக்கு மலசலகூடங்கள் இல்லை. அவற்றைக் கட்டுவது செலவு. செலவு தோட்டத்துரைமாரின் தலையில் விழுவது. ஆகவே மருந்து விரும்பப்பட்டது, மலசலகூடம் தட்டிக்கழிக்கப்பட்டது. இவ்வனுபவத்தின் பின்னரே 1926இற் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டு நோய்த்தடுப்பு முதன்மை பெற்றது. நோயை மட்டும் நீக்கி நோய் பிறக்கும் வாழ்க்கையை அப்படியே விட்டுவைத்தால் விளைவது யாதென்பதற்கு எமது நாட்டிலேயே இவ்வளவு பழைய சான்று உண்டு.

யாழ்ப்பாணத்து வீடுகளிற் பள்ளி விடுமுறை வந்ததும் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்ததை மூத்தோர் இன்றும் முகத்தைச் சுளித்துக்கொண்டே நினைவுகூர்வர். புழுவின் பெயர் தெரியாமலே புழுவோடு போராடிய வழக்கம் அது. கூடவே பார்வை பார்ப்பதும் நூல் கட்டுவதும் நடந்தன. அவற்றை நாம் ஏற்கவில்லை. ஆயினும் பிள்ளையின் மந்தத்தைப் பிள்ளையின் குற்றமென்று கொள்ளாது அவனைப் பற்றிய ஏதோ ஒன்றின் குற்றமெனக் கருதிய அளவில், அந்தப் பாட்டிமார் எம்மைப் போன்ற பட்டதாரி ஆசிரியரைவிட உண்மைக்கு அண்மையில் நின்றார்கள்.

இன்னொன்றையும் இங்கு மறைக்கலாகாது. யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்க அனுமதிக்கப்படவில்லை. நிலத்திலும் வகுப்பறைக்கு வெளியிலும் இருத்தப்பட்டார்கள். 1920களின் பிற்பகுதியிற் சம ஆசனத்துக்கான கோரிக்கை வலுப்பெற்றபோது எழுந்த எதிர்ப்பு எமது வரலாற்றின் கறைகளுள் ஒன்று. கரும்பலகை தெரியாத தூரத்தில், ஆசிரியரின் குரல் அரைகுறையாகக் கேட்குமிடத்தில், பசியோடு இருத்தப்பட்ட பிள்ளை கவனிக்கவில்லையென்று எத்தனை இடாப்புகளில் எழுதப்பட்டிருக்கும்! 1945இல் இலவசக் கல்வி பள்ளியின் கதவை எல்லோருக்கும் திறந்தது. உள்ளே வந்த பிள்ளையின் கண்ணையும் காதையும் இரத்தத்தையும் உறக்கத்தையும் பார்ப்பது அதற்கடுத்த படி. அப்படியில் ஏறி முடித்துவிட்டோமென்று சொல்ல இயலாது.

இனி இக்கால வைத்தியத்துக்கு வருவோம். அமெரிக்க உளநோய் வைத்தியர் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலிற் கவனக்குறைபாடு ஒரு தனி நோயாகப் பெயர் பெற்றது. 1987இல் மிகையியக்கமும் அப்பெயரோடு சேர்க்கப்பட்டது. இன்று உலகப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு அது உண்டென ஆய்வுகள் கூறுகின்றன. பரம்பரை இதிற் பெரும்பங்கு கொள்கிறது. பெற்றோரின் வளர்ப்புக் குறையன்று, பிள்ளையின் பிடிவாதமுமன்று.

1999இல் முடிபுகள் வெளிவந்த பேராய்வொன்று இந்நோயுற்ற 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதங்கள் பின்தொடர்ந்தது. அவர்களுள் வேறு உளக்குறைபாடு எதுவுமின்றிக் கவனக்குறைபாடு மட்டுமே உடையோர் மூன்றிலொரு பங்கினருக்கும் குறைவு. மற்றையோரிடத்திற் பதற்றம், எதிர்ப்புக் குணம், நடத்தைக் கோளாறு, தசைத்துடிப்பு எனப் பிறவும் உடனிருந்தன. கவனமின்மை தனித்து வருவது அரிது என்பது இதனாற் புலனாயிற்று. அதனினும் முக்கியமான செய்தி இன்னொன்று. மொத்தத்தில் நோக்கும்போது மருந்தே நடத்தைப் பயிற்சியை விஞ்சி நின்றது. ஆயின் பதற்றமும் உடனிருந்த பிள்ளைகளிடத்தில் நடத்தைப் பயிற்சி ஏறத்தாழ மருந்துக்கு ஈடான பலனைத் தந்தது. உடனுறைவது எதுவென அறிந்தாற் சிகிச்சையே மாறக்கூடும் என்பது இதன் பொருள்.

எம் மாணவனின் தாயார் சொன்ன குறட்டைக்கு இங்கே நேரடியான சான்று கிடைக்கிறது. தொண்டைச் சதையும் மூக்கடிச் சதையும் வீங்கி மூச்சை அடைப்பதனால் இரவிற் பலமுறை உறக்கங் குலையும் பிள்ளைகள் உளர். பெரியவர்க்கு உறக்கங் கெட்டாற் சோர்வு வரும். பிள்ளைகளுக்கோ பல வேளைகளில் அமைதியின்மையும் கவனச் சிதறலும் வருகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அச்சதைகளை வெட்டியகற்றும் சிகிச்சைக்கு வந்த 78 பிள்ளைகளுள் 22 பேருக்குக் கவனக்குறைபாட்டு நோயும் இருந்தது. சிகிச்சை நடந்து ஓராண்டில் அவர்களுள் 11 பேரிடம் அந்நோய் என்று சொல்லத்தக்க குறிகள் எஞ்சவில்லை. பாதிப்பேர்! மற்றைய பாதிப்பேரிடம் எஞ்சியிருந்தது என்பதையும் அதே மூச்சிற் சொல்லவேண்டும்.

இரும்புச் சத்தின் கதையும் இத்தகையதே. பாரிசில் நடந்த ஆய்வுகளிற் கவனக்குறைபாடுடைய பிள்ளைகளின் இரத்தத்தில் இரும்புச் சேமிப்புக் குன்றியிருந்தமை 2004இற் காணப்பட்டது. 2008இல், அச்சேமிப்புக் குறைந்த 23 பிள்ளைகளுட் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரங்கள் இரும்பு கொடுத்துப் பார்த்தபோது குறிகள் தணிந்தன. 23 பேரென்பது மிகச் சிறிய தொகை. அதைக்கொண்டு எல்லாப் பிள்ளைக்கும் இரும்பு மாத்திரை என்று புறப்படுதல் தவறு. சோர்ந்து வெளிறிய பிள்ளையின் இரத்தத்தைப் பரிசோதியாது விடுதல் அதனினும் தவறு.

ஆராய்ச்சி எமது விருப்பத்துக்கேற்ப எப்பொழுதும் விடை தருவதில்லை. உறங்கத் தொடங்குவதிலே தாமதமுடைய 105 கவனக்குறைபாட்டுப் பிள்ளைகளுக்கு நெதர்லாந்தில் மெலற்றோனின் கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளிவந்த முடிபின்படி உறக்கம் சீர்ப்பட்டது. சில வார ஆய்வுக் காலத்துக்குள் நடத்தையோ சிந்தனைத் திறனோ மாறவில்லை. கென்யாவிற் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தபோது வராமை நாலிலொரு பங்கு குறைந்தது. பரீட்சைப் புள்ளிகள் உயர்ந்ததாக அவ்வாய்விற் காணப்படவில்லை. சில சிகிச்சை கவனத்தைக் கெடுக்கவும் கூடும். வகுப்பிலே சில கணங்கள் வெறித்துப் பார்த்துத் திரும்பும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். பகற்கனவு காண்கிறான் என நாம் குட்டுவோம். அவ்வலிப்புடைய 453 பிள்ளைகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிபு சிந்திக்கத்தக்கது. வலிப்பை அடக்குவதில் எதோசக்சிமைட், வல்புரோயேற் என்னும் இரு மருந்துகளும் சமமாயிருந்தன. ஆயின் வல்புரோயேற் உண்டோரில் நூற்றுக்கு 49 பேருக்குக் கவனக்கேடு காணப்பட, எதோசக்சிமைட் உண்டோரில் அது 33 ஆகவே இருந்தது. எதைக் குணப்படுத்துகிறோம் என்பதோடு எதனைக் கொண்டு குணப்படுத்துகிறோம் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

இவ்வளவும் உடம்பைப் பற்றியன. எமது மண்ணில் வாழும் ஒருவர் இவ்விடத்தில் நிறுத்திவிட முடியாது.

கவனக்குறைபாட்டுக்குப் பெயர் தந்த அதே 1980ஆம் ஆண்டு நூலிலேதான், பேரிடரைக் கண்டோருக்குப் பின்னர் நேரும் மனவடு நோயும் முதன்முதலாக இடம்பெற்றது. ஒரே நூலின் இரு பக்கங்கள். மனதை ஒன்றிலே நிறுத்த இயலாமை இரண்டாவதன் குறிகளுள்ளும் எண்ணப்படுகிறது. சத்தங் கேட்டால் திடுக்கிடுதல், இருக்கையில் நிலைகொள்ளாமை, இரவிற் கனவுகண்டு அலறுதல், பகலில் வெறித்திருத்தல். ஆசிரியர் பார்ப்பது கடைசியானதை மட்டுமே.

எம் தலைமுறை இதனை நூலிற் படித்து அறியவில்லை. தீவுப் பகுதி மக்களுட் பெரும்பாலோர் 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் வீடு வாசல் விட்டு இடம்பெயர்ந்தார்கள். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் நடந்த படுகொலையின் பின்னர், படகேறுவதே அச்சமாகிவிட்ட குடும்பங்கள் தீவுகளில் இருந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தபோது நாம் பாலர் வகுப்புப் பருவத்தினர். பின்னர் மரத்தடியிலும் கொட்டிலிலும் நடந்த வகுப்புகளில், விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பென்சிலைப் போட்டுவிட்டு வானத்தையே பார்த்திருந்த தோழர் பலர். அவர்களுக்கும் ‘கவனம் போதாது’ என்றுதான் எழுதப்பட்டது.

இந்த நிலையை வைத்தியக் கண்கொண்டு பதிவு செய்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1998இல் வெளிவந்த அவருடைய நூல் போர் தமிழர் மனத்தில் விட்டுச் சென்ற வடுக்களை ஆராய்வது. 1987இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணைப் பணியை மக்களிடையே கொண்டுசென்றது. போர்நிறுத்தம் நிலவிய 2002இல், உள்ளூர் ஆசிரியர்களை உளவளத்துணையாளராகப் பயிற்றி, வன்னியில் 420 பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது; ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தார் அதிற் பங்கு கொண்டனர். பிள்ளைகளுள் நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, எறிகணை, உறவினரின் மரணம் போன்ற கொடுமைகளை அனுபவித்தவர். நாலிலொரு பங்கினருக்கு மனவடு நோய் இருந்தது. அப்பிள்ளைகளின் நினைவாற்றற் சோதனையும் பள்ளிப் புள்ளிகளும் அந்நோயின் பாதிப்பைக் காட்டின.

2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை அடித்துச் சென்ற பின்னர், வடகிழக்கில் ஒரு முகாமில் மனவடு நோயுற்ற 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு சாராருக்குத் தம் கதையைத் தொடக்கமுதல் முடிவுவரை சொல்லவைக்கும் முறை. மற்றொரு சாராருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறே அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதங்களின் பின்னர் முதற்சாராரில் நூற்றுக்கு 81 பேரும் மற்றையோரில் 71 பேரும் அந்நோயினின்று மீண்டிருந்தனர். அன்றாட வாழ்க்கையில் அவர்கள் இயங்கும் திறனும் உயர்ந்தது. இது கவனக்குறைபாட்டு நோய்க்கான சிகிச்சையன்று. அதனை அவ்வாறு திரித்துக் கூறலாகாது. ஆயின் அச்சத்தினாற் பிறந்த கவனமின்மையை அச்சத்தை நீக்கித் தணிக்கலாம் என்பதற்கு, எமது மொழியில், எமது மக்களிடையே கிடைத்த சான்று இது. இருவகையும் ஒரே பிள்ளையிடத்தில் இருக்கவுங்கூடும். பிறவியிலேயே நிலைகொள்ளாத பிள்ளையையும் குண்டு விட்டுவைப்பதில்லை.

ஆகவே வைத்தியர் கையாளும் ஒழுங்கு ஒன்றுண்டு. உடனிருப்பவை யாவையெனத் தேடுவது; அவற்றுள் எது பிள்ளையை மிகுதியாக வருத்துகிறதோ அதனை முதலிற் கவனிப்பது; பின்னர் எஞ்சியிருக்கும் கவனமின்மை எவ்வளவென அளந்து அதற்குரியதைச் செய்வது. எழுதும்போது எளிதாயிருக்கிறது. அனலைதீவிலிருந்து அதனைச் செய்து பார்க்கவேண்டும்.

ஒல்லாந்தர் தமது நாட்டு நகரங்களின் பெயர்களை எமது தீவுகளுக்கு இட்டபோது அனலைதீவுக்கு இட்ட பெயர் ரொட்டர்டாம். உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றின் பெயரைத் தாங்கிய இத்தீவிலிருந்து வெளியேற இன்றும் படகு ஒன்றே வழி. ஊர்காவற்றுறைக்கோ குறிகட்டுவானுக்கோ கடல் கடந்து, அங்கிருந்து பஸ்ஸேறி யாழ்ப்பாணம் போகவேண்டும். காதும் தொண்டையும் பார்க்கும் நிபுணர் அங்கே. இரத்தத்தில் இரும்பை அளக்கும் ஆய்வுகூடம் அங்கே. பிள்ளையின் மனத்தை அறிந்த வைத்தியர் அங்கே. வைத்தியம் இலவசம். தாய் தந்தையின் ஒருநாள் உழைப்பு இலவசமன்று. ஒரு நோயைத் தேடுவது ஒரு பயணம். உடனுறை நோய்கள் நான்கைத் தேடுவது நான்கு பயணங்கள். சோளகம் பலமாக வீசும் நாட்களிற் கடல் கொந்தளிக்கும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடையாது வடபகுதி மீனவர் தொழிலுக்கே போகமுடியாதிருந்தனர். அக்காலத்தில் எந்தப் பிள்ளையின் உறக்கத்தை யார் விசாரித்திருக்கக்கூடும்?

நகரத்துப் பிள்ளைக்குக் கவனமின்மை ஒரு நோயாகிவிட்டது. அதற்குப் பெயரும் மருந்தும் உண்டு. தீவுப் பிள்ளைக்கு அது இன்னும் ஒரு குணமாகவே இருக்கிறது. இவ்வேற்றுமை மூளையில் இல்லை, கடலில் இருக்கிறது.

அப்பையனின் தாயார் நாம் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு அவனை அழைத்துச் சென்றார். அவ்வரியை மூன்று முறை எழுதிய கையாலேதான் அக்கடிதத்தையும் எழுதினோம். அவன் வகுப்பில் எப்போது உறங்குகிறான், எதை மறக்கிறான், எதில் ஊன்றி நிற்கிறான் என்று இரண்டு பக்கம். எழுதத் தொடங்கிய பின்னரே அவனைப் பற்றி எமக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பது தெரியவந்தது. மூக்கடிச் சதை வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். இரத்தத்திலும் குறை இருந்தது. காத்திருப்புப் பட்டியல், ஒத்திவைத்த திகதி, மீண்டும் படகு என மாதங்கள் ஓடின. சத்திரசிகிச்சை நடந்து முடிந்தது.

இப்பொழுது அவன் வகுப்பில் உறங்குவதில்லை. முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. பின்னக் கணக்கை முடித்துவிட்டுத் தலைநிமிர்ந்து பார்க்கிறான். பேனாவை இன்றும் தொலைக்கிறான். நீண்ட பந்தியை வாசிக்கச் சொன்னால் நடுவழியில் இறங்கிவிடுகிறான். கால்கள் மேசைக்கடியில் ஓயாது ஆடுகின்றன. எஞ்சியிருப்பது பிறவியில் வந்த கவனக்குறைபாடாக இருக்கலாம், அதனைப் பிள்ளை உளநல வைத்தியர் பார்த்துச் சொல்லவேண்டும் என்று துண்டெழுதித் தந்திருக்கிறார்கள்.

இத்தவணை அறிக்கையில் அந்த ஒரு வரி எமக்குப் போதவில்லை. தாளின் ஓரத்திலும் எழுதினோம். தாயார் அதனை எழுத்துக்கூட்டி இருமுறை வாசித்துவிட்டு, கிளினிக் துண்டை எடுத்துத் திகதியைக் காட்டினார். ஆனி மாதம். “அப்ப சோளகம் எழும்பிவிடும், சேர்” என்றார். முதல்நாளே கடல் கடந்து உறவினர் வீட்டிற் தங்க வசதியுண்டா என்று கேட்டோம். ஊர்காவற்றுறையில் ஒரு சின்னம்மா இருக்கிறாராம்.